மாப்பிள்ளை கிறித்தவர்: மாலை மாற்றினால் திருமணம் செல்லுமா?

கேள்வி: பல வருடங்களாகப் பகுத்தறிவுக் கொள்கையில் இருக்கிறேன். என் திருமணமே சுயமரியாதைத் திருமணம்தான். மகளும் அவள் விரும்பிய பையனும் (பிறப்பால் கத்தோலிக்கர், இப்போது சர்ச்சுக்குப் போவதில்லை) ஐயர், தாலி, நல்ல நேரம் எதுவும் வேண்டாம் என்கிறார்கள். பெரியவர் ஒருவர் தலைமையில் உறுதிமொழி, மாலை மாற்று, அவ்வளவுதான். பத்திரிகை அடித்தாகிவிட்டது, இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. தாலி இல்லாத கல்யாணமா என்று மனைவி அழுகிறார். சம்பந்தியம்மாவுக்கு சர்ச்சில் நடக்க வேண்டும். என் மைத்துனர், 'இது செல்லாது, சொத்திலும் பங்கு கிடையாது' என்று ஊரெல்லாம் பேசுகிறார். அவர் மீது வழக்குப் போடலாமா?
- வாசகர், திருச்சி

பதில்: மைத்துனரின் பேச்சை விடுங்கள். தாலியையும் நல்ல நேரத்தையும்கூட விடுங்கள். நீங்கள் போகிற போக்கில் அடைப்புக்குறிக்குள் எழுதியதுதான் முழுப் பிரச்சினையும்: மாப்பிள்ளை பிறப்பால் கத்தோலிக்கர். நினைத்தபடியே நடத்தினால், 'செல்லாது' என்று மைத்துனர் சொல்வது சட்டப்படி சரியாகிவிடும்.

சுயமரியாதைத் திருமணத்தை 1953-ல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. 1967-ல் அண்ணா ஆட்சியில் வந்த 7-ஏ பிரிவு அதைச் செல்ல வைத்தது, முன்பு நடந்தவற்றுக்கும் சேர்த்து. உறவினர் நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்வது, மாலையோ மோதிரமோ மாற்றுவது, தாலி கட்டுவது, இவற்றில் எது செய்தாலும் போதும். உங்கள் திருமணம் அப்படித்தான் செல்லும். ஆனால் அந்தப் பிரிவு இருப்பது இந்து திருமணச் சட்டத்துக்குள். 'இரு இந்துக்களுக்கிடையே' என்பது அதன் வாசல். பௌத்தர், சமணர், சீக்கியர் அதற்குள் வருவார்கள், கிறித்தவர் வரமாட்டார். கடவுள் மறுப்பாளரான உங்களையும் உங்கள் மகளையும் சட்டம் இந்துவாகவே எண்ணுகிறது. மாப்பிள்ளையை எண்ணாது.

இன்னொரு பக்கம், 1872-ஆம் ஆண்டு கிறித்தவத் திருமணச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு: மணமக்களில் ஒருவர் கிறித்தவர் என்றாலும் அந்தச் சட்டப்படிதான் நடக்க வேண்டும், வேறு விதமாக நடந்தால் செல்லாது. இதற்கு விலக்கு, வெவ்வேறு மதத்தவர் மதம் மாறாமலே மணக்க வழி தரும் 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம்.

'அவர்தான் மதமே இல்லை என்கிறாரே' என்பீர்கள். மேடையில் சொல்லலாம். பிற்பாடு தகராறு வந்தால் எதிர்த் தரப்பு ஞானஸ்நானப் பதிவேட்டையும் பள்ளி மாற்றுச் சான்றிதழையும் கொண்டுவந்து வைக்கும். அவர் மதத்தை விட்டுவிட்டார் என்று நிரூபிக்கும் பாரம் அன்று உங்கள் மகள் தலையில் விழும். திருமணத்துக்கு முதல் நாள் ஒரு மதமாற்றச் சான்றிதழ் வாங்குவதும் இதே வகைதான். மாறியது உண்மையான மனமாற்றமா என்று நடத்தையை வைத்து நீதிமன்றம் பார்க்கும். உங்களைப் போன்றவர் அந்தப் பொய்க் காகிதத்தில் கையெழுத்திடுவது கொள்கைக்கும் அழகில்லை.

'பதிவு செய்துவிடுவோம்' என்பதுதான் நான் அதிகம் பார்க்கும் குழி. ஆந்திராவில் கிறித்தவர் ஒருவர், இந்துப் பெண்ணுக்குக் கோயிலில் தாலி கட்டி, இந்து திருமணச் சட்டப்படி பதிவும் செய்தார். அந்தத் திருமணம் செல்லாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் முடித்தது. பதிவு, நடந்ததற்குச் சாட்சி. நடக்காத திருமணத்தை அது உண்டாக்காது. தமிழ்நாட்டின் 2009-ஆம் ஆண்டு கட்டாயப் பதிவுச் சட்டமும் அப்படியே.

இதன் விலையை ஏறக்குறைய எப்போதும் பெண்தான் கொடுக்கிறாள். நாளை அவர் வேறொருத்தியை சர்ச்சில் மணந்தால், முதல் திருமணமே செல்லாததால் இருதார வழக்கு நிற்காது. அவர் இறந்தால், வாரிசுச் சான்றிதழுக்குத் தாசில்தார் அலுவலகத்தில் மாமியார் வீட்டார் ஒரு ஆட்சேப மனு கொடுத்தால் போதும், வருடக்கணக்கில் இழுக்கும். செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்கு இந்து திருமணச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு இங்கே கிடைக்குமா என்பதே வாதப்பொருளாகும். சமத்துவத்துக்காக நடத்திய திருமணம் பெண்ணைக் கையில் ஒன்றுமில்லாமல் நிறுத்தக் கூடாது.

ஆகவே சிறப்புத் திருமணச் சட்டம். அறிவிப்பு கொடுத்து 30 நாள் கழிந்தே திருமணம். ஐந்து வாரம் என்றால் 35 நாள், இந்த வாரமே திருமண அலுவலரான சார்பதிவாளரிடம் கொடுங்கள். அறிவிப்பு மூன்று மாதம்தான் உயிரோடிருக்கும். கொடுக்கும் மாவட்டத்தில் இருவரில் ஒருவராவது முந்தைய 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு சொந்த ஊரில் அறிவிப்பு கொடுப்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். மைத்துனர் ஆட்சேபித்தால் வயது, உயிரோடுள்ள துணை, மனநிலை, தடுக்கப்பட்ட உறவுமுறை, இவை தவிர வேறெதுவும் எடுபடாது. ஆனால் விசாரணைக்கு மேலும் 30 நாள் வரை போகலாம், மண்டபத் தேதி தவறும். அதனால் வழக்கு மிரட்டலை விட்டு, அவரிடம் நேரில் போய்ப் பேசி சமாதானமாகுங்கள். இதை வெட்கமில்லாமல் செய்யுங்கள்.

திருமண நாளில் அலுவலரும் மூன்று சாட்சிகளும் கேட்க, இன்னாரைச் சட்டப்படி என் துணையாக ஏற்கிறேன் என்று இருவரும் தமக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். நீங்கள் மேடையில் சொல்ல வைக்க நினைத்ததும் இதைத்தானே. கூடுதல் கட்டணம் கட்டினால் அலுவலர் மண்டபத்துக்கே வரவும் சட்டத்தில் இடமுண்டு, கேட்டுப் பாருங்கள். மறுத்தால் காலையில் அலுவலகம், பிறகு மண்டபம். தேதிக்குள் முடியவில்லையென்றால் மண்டபத்தில் விழாவை நடத்திவிட்டு, கெடு முடிந்ததும் அலுவலகத்தில் திருமணத்தை முடியுங்கள். விழாவை மட்டும் ஏற்கெனவே நடத்திவிட்ட குடும்பங்களுக்கு இதே சிறப்புத் திருமணச் சட்டத்தின் 15-ஆம் பிரிவில் பதிவு உண்டு. இருவருக்கும் 21 நிறைந்திருக்க வேண்டும், அதற்கும் 30 நாள் அறிவிப்பு.

அலுவலக வேலை முடிந்தபின் உங்கள் மனைவி ஆசைக்குத் தாலியோ, சம்பந்தியம்மா ஆசைக்கு சர்ச்சில் ஆசீர்வாதமோ, மணமக்கள் சம்மதித்தால் நடக்கட்டும். சட்டத்துக்கு இடைஞ்சல் இல்லை. ஆனால் சர்ச்சில் தனியாக ஒரு திருமணச் சான்றிதழ் வாங்காதீர்கள். இரண்டு தேதி, இரண்டு சட்டம் என்று ஆவணங்கள் இருந்தால் விசாவிலும் ஓய்வூதியத்திலும் கேள்வி வரும்.

சொத்து விஷயத்தில் மைத்துனர் சொல்வது தவறு. இந்தத் திருமணத்தால் மகள் கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்தவளாகக் கருதப்படுவாள். பூர்வீகச் சொத்தில் அவள் பங்கு தனிப்பங்காகும், அழியாது. உங்கள் சுயசம்பாத்தியத்துக்கு அவள் எப்போதும் வாரிசு. மாறுவது தம்பதியின் சொத்து. அவர்களுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். பிள்ளைகள் இருந்தால் துணைக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு, பெற்றோருக்கு எதுவும் இல்லை. வயதான தாயை மாப்பிள்ளை காப்பாற்ற வேண்டியிருந்தால், திருமணத்துக்குப் பிறகு இருவரும் ஆளுக்கொரு உயில் எழுதட்டும். முன்பே எழுதாதீர்கள், திருமணம் அதை ரத்தாக்கிவிடக்கூடும்.