வளைவுல வண்டி கூர்மையா திரும்பணுமா? சஸ்பென்ஷன் கேள்வி பதில்

கேளுங்க, தெரிஞ்சதை சொல்றேன். எஞ்சின், மைலேஜ் பக்கம் இழுக்காதீங்க. ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன், புஷ்ஷும் (இணைப்புகள்ல இருக்குற ரப்பர்) பால் ஜாயின்ட்டும் (சக்கரம் பக்கத்துல இருக்குற உருண்டை மூட்டு) தேஞ்சிருந்தா நீங்க எந்த சக்கரக் கோணத்தை எவ்ளோ நுணுக்கமா வெச்சாலும் பிரேக்ல கால் வெச்ச உடனே அது மாறிடும். மொதல்ல அதைப் பாருங்க.

கேள்வி: கேம்பர், காஸ்டர், டோ, எதுல ஆரம்பிக்கிறது?

பதில்: கேம்பர்ல, அதாவது முன்னாடி நின்னு பாத்தா சக்கரம் உள்ளயோ வெளியயோ சாஞ்சிருக்குற கோணம். வளைவுல பாடி சாயும்போது வெளிச் சக்கரமும் கூடவே சாஞ்சு டயரோட வெளி ஓரத்துல நிக்கும், சக்கரத்தோட மேல்பக்கத்தை முன்கூட்டியே கொஞ்சம் உள்ள சாய்ச்சு வெச்சிருந்தா அந்த நேரத்துல டயர் தட்டையா உக்காரும். தினம் ஓட்டுற வண்டிக்கு முன் சக்கரத்துல மைனஸ் 1-லேருந்து 1.5 டிகிரி தாராளம் (மேல்பக்கம் உள்ள சாஞ்சா மைனஸ், அதான் நெகட்டிவ்). காஸ்டர்னா பக்கவாட்டுல பாத்தா சக்கரம் திரும்புற அச்சு பின்னாடி சாஞ்சிருக்குற கோணம், அதைக் கூட்ட வழி இருந்தா விடாதீங்க, ஸ்டீயரிங்கை திருப்பும்போது மட்டும் வெளிச் சக்கரத்துக்கு நெகட்டிவ் கேம்பர் தானா சேரும், நேரா போறப்ப டயரை தின்னாது. டோ, அதாவது மேலேருந்து பாத்தா சக்கரத்தோட முன்பக்கம் உள்ளயோ வெளியயோ திரும்பி இருக்குற அளவு, எப்பவும் கடைசி, மத்த ரெண்டைத் தொட்டாலே அது ஓடிடும்.

கேள்வி: டயர் உள் ஓரம் மட்டும் தேயுது. கேம்பர் ஜாஸ்தியா?

பதில்: அனேகமா டோ. டயர் மேல குறுக்க கையை வெச்சு தடவுங்க. போகும்போது வழுவழுன்னு இருந்து திரும்பி வரும்போது ரம்பம் மாதிரி உறுத்துச்சுன்னா டோவேதான். 600 மில்லிமீட்டர் விட்டம் இருக்குற டயர்ல 1 டிகிரி டோன்னா முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் 10 மில்லிமீட்டர் வித்தியாசம், வண்டி ஓடுற நேரம் பூரா டயரை பக்கவாட்டுல தேய்ச்சுக்கிட்டே போறீங்க.

கேள்வி: ஸ்பிரிங் மாத்தி வண்டி உயரத்தை 50 மில்லி இறக்கிட்டேன். ஆனாலும் வளைவுல நினைச்ச அளவுக்கு சாய்வு குறையல, ஏன்?

பதில்: இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். உங்க வண்டி மெக்பெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணா இருக்கும்), 1950-ல ஃபோர்ட் கான்சல்ல வந்த அதே அமைப்பு. வண்டியைப் பக்கத்துல குனிஞ்சு பாருங்க, சக்கரத்தோட அடிப்பக்கத்தை பாடியோட இணைக்கிற லோயர் ஆர்ம் இறக்குறதுக்கு முன்னாடி வெளிப்பக்கம் லேசா கீழ சரிஞ்சிருந்திருக்கும், இப்போ மேல தூக்கிட்டு இருக்கும். வண்டி சாயுறது ரோல் சென்டர்ங்கிற கற்பனைப் புள்ளியைச் சுத்தி, அது எங்க இருக்கும்ங்கிறது ஆர்ம் கோணத்தைப் பொறுத்தது. நீங்க 50 மில்லி இறக்கினா எடை மையம் 50 இறங்கும், ஆனா ரோல் சென்டர் அதைவிட அதிகமா இறங்கிடும். ரெண்டுக்கும் நடுவுல இருக்குற நெம்புகோல் நீளமாச்சு, அவ்ளோதான் விஷயம். பத்தாததுக்கு, மேல தூக்கின ஆர்ம் இன்னும் அமுங்கும்போது சக்கரத்தோட அடிப்பக்கத்தை உள்ள இழுக்கும், சாயுறப்ப வேண்டிய கேம்பரும் போச்சு.

கேள்வி: அப்போ ரேஸ் கார் எல்லாம் தரையோட ஒட்டி நிக்குதே?

பதில்: அதுல ஆர்ம் மாட்டுற இடத்தையே அந்த உயரத்துக்கு அமைச்சிருப்பாங்க சார். நீங்க ஸ்பிரிங்கை மட்டும் மாத்தினீங்க.

கேள்வி: நான் ஒத்துக்க மாட்டேன். என் வண்டி இறக்கினப்புறம் நல்லாவே திரும்புது.

பதில்: திரும்பும், ஸ்பிரிங் கெட்டியானதால. அதே கெட்டி ஸ்பிரிங்கை கொஞ்சம் உயரத்துல வெச்சு ஓட்டிட்டு வந்து பேசுங்க. எடை மையம் இறங்கினா வளைவுல வெளிச் சக்கரத்துக்கு மாறுற எடை குறையும், அது உங்க பக்கம் நியாயம், தர்றேன். ஆனா பம்ப் ஸ்டாப்ல (சஸ்பென்ஷன் முழுசா அமுங்கும்போது தடுக்குற ரப்பர்) மோதிக்கிட்டே திரும்புற வண்டியை கூர்மைன்னு சொல்லாதீங்க.

கேள்வி: நீளமான பால் ஜாயின்ட் போட்டா சரியாகிடுமா?

பதில்: ஆர்ம் கோணம் சரியாகும். டை ராடையும் (ஸ்டீயரிங்கை சக்கரத்தோட இணைக்கிற கம்பி) அதே அளவு இறக்கணும், அதை மறக்கிறவங்கதான் ஜாஸ்தி. நானே மறந்தேன். பள்ளம் விழுந்த ரோட்டுல ஸ்டீயரிங்கை கெட்டியா புடிச்சிருக்கேன், வண்டி அதுபாட்டுக்கு இடமும் வலமும் மூக்கை ஆட்டுது. ஆர்மும் டை ராடும் வேற வேற வட்டத்துல ஏறி இறங்கினா ஒவ்வொரு குழியிலயும் டோ மாறும். வீட்டுக்கு 30-ல ஓட்டிட்டு வந்தேன்.

கேள்வி: ஸ்பிரிங்கை வெட்டலாமா?

பதில்: வேணாம். ஸ்பிரிங் உக்காருற கிண்ணத்துல சரியா உக்காராது, தூக்கும்போது கழண்டுக்கும்.

கேள்வி: ஸ்ட்ரட் பார்?

பதில்: கோணம் எதையும் மாத்தாது. அது ரெண்டு பக்க டவரையும் (ஸ்ட்ரட்டோட மேல்முனை மாட்டுற இடம்) இணைக்கிற கம்பி, டவர் அசையுற பாடின்னா கொஞ்சம் உதவும்.

கேள்வி: எவ்ளோ இறக்கலாம்?

பதில்: மேல படிங்க.

கேள்வி: 40 மில்லி இறக்கினா பரவாயில்லையா?

பதில்: மேல படிங்கன்னு சொன்னேன். லோயர் ஆர்ம் மட்டத்தைத் தாண்டக்கூடாது, உங்க வண்டியில அது எத்தனை மில்லின்னு நீங்கதான் குனிஞ்சு பாக்கணும்.

கேள்வி: முன்சக்கர டிரைவ் வண்டி, வளைவுல மூக்கு வெளிய தள்ளுது. முன்னாடி தடிமனா ஆன்டி ரோல் பார் (ரெண்டு பக்கச் சக்கரத்தையும் இணைச்சு சாய்வைக் குறைக்கிற கம்பி) போடட்டா?

பதில்: அனேகமா இன்னும் தள்ளும். பின்னாடி போடுங்க, படிப்படியா. ஈர ரோட்டுல பின்பக்கம் வழுக்குதான்னு காலியான இடத்துல பாத்துட்டு அப்புறம் வேகம் எடுங்க.

கேள்வி: நீங்க சொன்ன மாதிரி புஷ் எல்லாம் புதுசா போட்டேன், 3 மாசத்துல ரப்பர் கிழிஞ்சிடுச்சு. மட்டமான புஷ்ஷா?

பதில்: போல்ட்டை இறுக்கும்போது வண்டி எங்க இருந்துச்சு? லிஃப்ட்ல சக்கரம் தொங்கிட்டு இருந்துச்சுன்னா புஷ்ஷை குத்தம் சொல்லாதீங்க. தொங்குற நிலையில இறுக்கினா, கீழ இறக்கின உடனே ரப்பர் முறுக்கிக்கிட்டு நாள் பூரா அப்படியே நிக்கும். தரையில நிக்க வெச்சு, ரெண்டு தடவை அமுக்கி விட்டு, அப்புறம் இறுக்கணும். புதுசு போட்டு இப்படி பண்ணிட்டு, மறுபடி அலைன்மென்ட் (சக்கரக் கோணங்கள்) பாத்துட்டு வாங்க.