டார்ட்டியா உடைகிறதா? சப்பாத்தியே போடுங்கள்

வணக்கம் தோழி. ஒயிட்ஃபீல்டிலிருந்து வீடு திரும்பவே இரவு 8 மணி ஆகிறது, மக்காச்சோள மாவில் தட்டும் மெக்சிகோ ரொட்டியான டார்ட்டியாவும் உடைந்துபோகிறது என்று எழுதியிருந்தீர்கள். தவறு உங்கள் கையில் இல்லை. மெக்சிகோவில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவிட்டுத்தான் அரைப்பார்கள். அதனால்தான் அந்த மாவு பிடிப்பாகச் சேர்கிறது. நம் கடை மாவு அப்படி வராது. பேசாமல் சப்பாத்தியே போடுங்கள்; வட மெக்சிகோவில் கோதுமை டார்ட்டியா அன்றாடச் சாப்பாடுதான்.

காலையில் கிளம்பும்போது ராஜ்மாவை ஊறப்போடுங்கள். இரவு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றி குக்கரில் குழைய வேகவிடுங்கள். அரைவேக்காட்டு ராஜ்மா வயிற்றைக் கெடுத்துவிடும், இதில் மட்டும் அவசரம் வேண்டாம். அப்புறம் பூண்டு, சீரகத்தூளோடு வதக்கி மசித்துவிடுங்கள். தக்காளி, வெங்காயம், பச்சைமிளகாய், கொத்தமல்லியைப் பொடியாக நறுக்கி எலுமிச்சை பிழிந்தால் சல்சா தயார். சப்பாத்தியில் ராஜ்மாவும் சல்சாவும் வைத்துப் பிள்ளைகளே சுருட்டிக்கொள்ளட்டும், எங்கள் வீட்டில் அப்படித்தான் காய் உள்ளே போகிறது.