மாத்திரைச் செலவுக்குக் காப்பீடு கைகொடுக்குமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது, அம்மாவுக்கு 68. இருவருக்கும் சர்க்கரையும் பிரஷரும் இருக்கின்றன. அப்பாவுக்குக் கூடவே கொழுப்பு மாத்திரை. மாதம் 4,200 ரூபாய் மருந்துக்கடைக்கே போகிறது. மாத்திரைச் செலவையும் தரும் பாலிசி இருக்கிறது என்கிறார் ஒரு ஏஜென்ட். எடுக்கலாமா?
– வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: மாதம் 4,200 என்றால் ஆண்டுக்கு 50,400 ரூபாய். வழக்கமான மருத்துவக் காப்பீடு இதில் ஒரு ரூபாய்கூடத் தராது. ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் ஆகும் செலவு, சேர்வதற்கு முன்னும் பின்னும் சில நாட்களின் செலவு, டயாலிசிஸ் போல அன்றே வீடு திரும்பும் சிகிச்சைகள் ஆகியவற்றுக்குத்தான் அது. ஏஜென்ட் சொல்வது ஓ.பி.டி. எனப்படும் புறநோயாளிச் சலுகையாக இருக்கும். பாலிசியோடு கூடுதல் பணம் கட்டி வாங்குவது அது.

அதற்கு எப்போதும் ஓர் ஆண்டு வரம்பு உண்டு. வரம்பு 10,000 ரூபாய், அதற்கான கூடுதல் பிரீமியம் 7,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுவதையும் பயன்படுத்தினாலும் உங்களுக்கு மிஞ்சுவது 3,000தான். அந்த 10,000க்குள் டாக்டர் ஃபீஸ், ரத்தப் பரிசோதனை, மருந்து எல்லாம் அடங்கும். மருந்துக்கு என்று அதற்குள்ளேயே இன்னொரு சிறிய வரம்பும் இருக்கலாம். சில திட்டங்களில் அவர்களுடைய செயலி வழியாக ஆர்டர் செய்தால்தான் பணம்; தெருமுனைக் கடையில் வாங்கிய பில் செல்லாது. கால்சியம், வைட்டமின் மாத்திரைகளைப் பெரும்பாலும் கழித்துவிடுவார்கள்.

ஆகவே ஏஜென்டிடம் ஐந்து கேள்விகளை மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலும் எழுத்தில் வரட்டும். ஓ.பி.டி. வரம்பு தலைக்கு எவ்வளவு, அல்லது இருவருக்கும் சேர்த்தா? அதில் மருந்துக்கு மட்டும் எவ்வளவு? ஏற்கெனவே இருக்கும் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் முதல் நாளிலிருந்தே மாத்திரைச் செலவு கிடைக்குமா, காத்திருக்க வேண்டுமா? எந்தக் கடையில் வாங்கினாலும் சரியா? பயன்படுத்தாத தொகை அடுத்த ஆண்டுக்கு வருமா? மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால் அந்தச் சலுகையை விட்டுவிடுங்கள். வயதானவர்கள் வாங்கும் மாத்திரைகள் ஏறக்குறைய எல்லாமே பழைய நோய்க்கானவைதானே.

மாத்திரைச் செலவைக் குறைக்க இதைவிட நேரான வழி வீட்டு மருந்துப் பெட்டியிலேயே இருக்கிறது. ஓர் அட்டையை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதன் கீழே பொடி எழுத்தில் 'டெல்மிசார்டான் 40 மி.கி., ஆம்லோடிபைன் 5 மி.கி.' என்று இருக்கும். அதுதான் மருந்து. ஒரு தாளில் மருந்தின் பெயர், மி.கி. அளவு, ஒரு நாளைக்கு எத்தனை வேளை, ஒரு மாத்திரையின் விலை என்று எழுதுங்கள். அட்டையின் விலையை எழுதினால் ஏமாந்துபோவீர்கள். ஒன்றில் 10 மாத்திரை இருக்கும், இன்னொன்றில் 15 இருக்கும். 'எஸ்.ஆர்.' அல்லது 'எக்ஸ்.ஆர்.' என்ற எழுத்து இருந்தால் அதையும் விடாமல் எழுதுங்கள். அது மெதுவாகக் கரையும் மாத்திரை. சாதா மாத்திரையை அதற்குப் பதிலாகப் போடக் கூடாது, உடைத்தோ பொடித்தோ கொடுக்கவும் கூடாது.

இந்தத் தாளோடு டாக்டரைப் பாருங்கள். மருந்தின் பெயரிலேயே சீட்டு எழுதித் தரக் கேளுங்கள். மத்திய அரசின் மலிவு விலைக் கடையான மக்கள் மருந்தகம், 2025 பிப்ரவரி 24 அன்று தமிழகம் முழுவதும் 1,000 இடங்களில் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகம் இரண்டிலும் விலையைக் கேட்டு அதே தாளில் பக்கத்தில் எழுதுங்கள். சாதாரண பிரஷர், சர்க்கரை, கொழுப்பு மாத்திரைகளில் பாதிக்கும் மேல் குறைவது வழக்கம். எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் தனியாகக் கவனியுங்கள். 2025 மார்ச்சில் அதன் காப்புரிமை முடிந்தது. ஏறக்குறைய 60 ரூபாய்க்கு விற்ற ஒரு மாத்திரைக்கு இப்போது 10 ரூபாயை ஒட்டிய விலையிலேயே பல கம்பெனிச் சரக்கு வந்துவிட்டது. பழைய சீட்டையே நீட்டிப் பழைய பெயரையே வாங்கிக்கொண்டிருந்தால் இந்த இறக்கம் உங்களுக்கு வந்து சேராது.

தைராய்டு மாத்திரை, வலிப்பு மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின் ஆகியவற்றை மட்டும் டாக்டரைக் கேட்காமல் கம்பெனி மாற்றாதீர்கள். இவற்றில் அளவு கொஞ்சம் பிசகினாலும் உடம்பு காட்டிக்கொடுத்துவிடும். மாற்றினால் மறுபடி ரத்தப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் பிறகும் ஆஸ்பத்திரிச் செலவுக்கான பாலிசி உங்கள் பெற்றோருக்குக் கட்டாயம் வேண்டும். மாத்திரைச் சலுகையைப் பார்த்து அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கு எத்தனை சதவீதம், அறை வாடகைக்கு உச்சவரம்பு உண்டா, பழைய நோய்க்குக் காத்திருப்புக் காலம் எவ்வளவு என்று பாருங்கள். இந்தக் காத்திருப்பு 36 மாதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2024 முதல் உள்ள விதி. வயதைக் காட்டிப் புதிய பாலிசிக்குக் கதவடைக்கும் பழைய உச்சவரம்பும் அந்த ஆண்டு நீங்கியது. தனிநபர் மருத்துவ பாலிசிக்கான 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் கிடையாது. ஏஜென்ட் தரும் கணக்கில் ஜி.எஸ்.டி. என்று ஒரு தொகை இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

விண்ணப்பத்தில் எல்லா மாத்திரையையும் எழுதுங்கள். 'சுகர் லேசாத்தான் இருக்கு, போட வேண்டாம்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பின்னால் மாரடைப்பு என்று சேர்ந்தால், 'எட்டு வருடமாகச் சர்க்கரை' என்று டியூட்டி டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதும் ஒரு வரி போதும், கிளெய்ம் நின்றுவிடும். பாலிசி கைக்கு வந்ததும் வாடிக்கையாளர் தகவல் தாளைத் தமிழில் கேட்டு வாங்கிப் படியுங்கள். பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

கேள்வி: அரசுப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். ஓய்வூதியத்தில் காப்பீட்டுக்காக மாதம் 497 ரூபாய் பிடிக்கிறார்கள். மாத்திரை பில்லை அதில் கொடுக்கலாமா?
– வாசகர், ஆத்தூர்

பதில்: முடியாது, ஐயா. 2022 ஜூலையில் தொடங்கிய அந்தத் திட்டம் ஆஸ்பத்திரியில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைக்கானது. நான்கு ஆண்டுக்கும் சேர்த்து 5 லட்சம், சில பெரிய சிகிச்சைகளுக்கு 10 லட்சம் என்பது வரம்பு. மாத்திரைக்கென்று ஓய்வூதியத்தோடு வருவது மருத்துவப்படி 300 ரூபாய்தான். மத்திய அரசு ஓய்வூதியராக இருந்து, சி.ஜி.எச்.எஸ். எனப்படும் மத்திய அரசு சுகாதாரத் திட்டத்தின் மருந்தகம் இல்லாத ஊரில் குடியிருந்து, அந்தத் திட்டத்தின் புறநோயாளிச் சலுகையை எடுக்காதவர் என்றால் மாதம் 1,000 ரூபாய் நிலையான மருத்துவப்படி உண்டு. உங்கள் வீட்டம்மா மத்திய அரசுப் பணியில் இருந்தவர் என்றால் அதைப் பாருங்கள்.

கேள்வி: அம்மா நிமோனியாவுக்கு ஏழு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். வந்த பிறகு மூன்று மாதம் வாங்கிய மருந்து 18,600 ரூபாய். காப்பீட்டு நிறுவனம் 6,900 மட்டும் கொடுத்துவிட்டு மீதியைத் தள்ளிவிட்டது. இது நியாயமா?
– வாசகர், சூரமங்கலம், சேலம்

பதில்: தள்ளிய தொகையில் எது சரி, எது தவறு என்று பில் பில்லாகப் பிரித்துத்தான் சொல்ல முடியும். பெரும்பாலான பாலிசிகளில் டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து 60 நாள்வரை மருந்துக்குக் கிடைக்கும். சிலவற்றில் 90, 180 நாளும் உண்டு. உங்களுடையது 60 என்றால் மூன்றாம் மாத பில் முழுதும் போய்விடும். சேர்ந்த நோய்க்கான மருந்து மட்டும்தான் கணக்கு. நிமோனியாவுக்கு வந்தவருக்கு வழக்கமான சர்க்கரை மாத்திரையும் அதே பில்லில் இருந்தால் அதைக் கழிப்பார்கள்.

தவறு நடப்பது சீட்டில்தான். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ஐந்து நாளுக்கு' என்று எழுதியிருக்கும். நீங்கள் 20 நாள் கழித்து அதே மருந்தை வாங்கியிருப்பீர்கள். அந்த 20ஆம் நாளுக்கு டாக்டர் கையெழுத்தோடு புதிய சீட்டு இல்லையென்றால் பில் விழும். கடைக்காரர் அவசரத்தில் 'கேஷ்' என்று போட்டுக்கொடுத்த பில்லில் நோயாளி பெயர் இருக்காது, அதுவும் விழும். மருந்துப் பெயர், பேட்ச் எண், தேதி, அம்மாவின் பெயர், டாக்டர் பெயர் ஐந்தும் பில்லில் இருக்க வேண்டும். வாங்கும்போதே, கவுன்டரிலேயே பார்த்துவிடுங்கள்.

எந்த விதிப்படி எவ்வளவு கழித்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். சீட்டுக் குறை என்றால் டாக்டரிடம் சான்று வாங்கி மறுபடி அனுப்பலாம். நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதி ஒரு மாதம் ஆகியும் சரியான பதில் வராவிட்டால் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் எனப்படும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஓராண்டுக்குள் போய்விட வேண்டும்.

கேள்வி: மகள் நியூ ஜெர்ஸியில் இருக்கிறாள். நாங்கள் கிரீன் கார்டில் அங்கே போய் ஐந்து ஆண்டு ஆகப்போகிறது. எனக்கு 69, மனைவிக்கு 67. மருந்துக்கு 'பார்ட் டி' எடுக்கச் சொல்கிறாள். இங்கிருந்து கொண்டுபோகும் மாத்திரையே போதாதா? எதைப் பார்த்து எடுப்பது?
– வாசகர், ஃபேர்லேண்ட்ஸ், சேலம்

பதில்: 65 வயது நிறைந்து, தொடர்ந்து ஐந்து ஆண்டு அங்கே குடியிருந்த கிரீன் கார்டுக்காரர்கள் அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேரில் பணம் கட்டிச் சேரலாம். மருந்துக்கான பகுதிதான் பார்ட் டி. தனியார் நிறுவனங்கள் நடத்துகின்றன. தகுதி வரும் மாதம், அதற்கு முன் மூன்று, பின் மூன்று என ஏழு மாதம் சேரும் காலம். அதை விட்டு, வேறு தகுந்த மருந்துக் காப்பீடும் இல்லாமல் 63 நாளோ அதற்கு மேலோ கடந்தால் அபராதம் உண்டு. ஒவ்வொரு மாதத் தாமதத்துக்கும் தேசிய அடிப்படை பிரீமியத்தில் 1 சதவீதம். 2026இல் அந்த அடிப்படை 38.99 டாலர். இரண்டு ஆண்டு தாமதித்தால் 24 சதவீதம், அதாவது மாதம் ஏறக்குறைய 9.40 டாலர். பார்ட் டி இருக்கும்வரை அது கூடவே வரும்.

உங்கள் விஷயத்தில் முதல் சிக்கல் மாத்திரைப் பெயர். நம் ஊரில் சர்வசாதாரணமாக எழுதும் வில்டாகிளிப்டின், டெனெலிகிளிப்டின், கிளிக்லசைடு, வோக்லிபோஸ், சில்னிடிபைன் ஆகியவை அமெரிக்கக் கடைகளில் கிடையாது. அங்கே டாக்டர் வேறு மருந்துக்கு மாற்றுவார். அப்படி மாற்றிய பட்டியலை வைத்துத்தான் திட்டம் பார்க்க வேண்டும். சேலத்துச் சீட்டை வைத்துத் தேடினால் கணக்கு முழுதும் தப்பாகும். ஆகவே டாக்டரை முதலில் பாருங்கள்.

மெடிகேர் இணையதளத்தின் ஒப்பீட்டுப் பக்கத்தில் அஞ்சல் குறியீடு, மருந்துப் பெயர், மி.கி., மாதத்துக்கு எத்தனை, பக்கத்துக் கடை எது என்று உள்ளிடுங்கள். பிரீமியம் குறைந்ததை மேலே காட்டும் வரிசையை நம்பாதீர்கள். பிரீமியமும் மருந்துச் செலவும் சேர்ந்த ஆண்டு மொத்தத்தைப் பாருங்கள். பிரீமியமே இல்லாத திட்டம் உங்கள் ஒரு மாத்திரையை விலை கூடிய படிநிலையில் வைத்திருந்தால் அதுவே செலவு மிகுந்தது. ஒவ்வொரு மருந்தின் பக்கத்திலும் மூன்று நிபந்தனைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: முன் அனுமதி, முதலில் மலிவான மருந்தைப் போட்டுப் பார்க்கச் சொல்வது, மாதத்துக்கு இத்தனைதான் என்ற அளவு. ஒரே திட்டத்திலும் கடைக்குக் கடை விலை மாறும், இரண்டு மூன்று கடைகளை மாற்றிப் பாருங்கள். உங்களுக்கும் மனைவிக்கும் மருந்து வேறு என்பதால் திட்டமும் வேறாக இருக்கலாம். குடும்பத் திட்டம் என்று பார்ட் டி-யில் ஒன்று கிடையாது.

திட்டம் பணம் தரத் தொடங்கும் முன் நீங்கள் மருந்துக்குக் கையிலிருந்து கட்டும் தொகை 2026இல் 615 டாலரைத் தாண்டக் கூடாது. பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு ஓராண்டில் உங்கள் பங்கு 2,100 டாலரை எட்டியதும் அந்த ஆண்டு முழுதும் மேலே கட்ட வேண்டாம். இன்சுலின் மாதத்துக்கு 35 டாலருக்கு மேல் போகாது. திட்டங்கள் ஆண்டுதோறும் மருந்துப் பட்டியலை மாற்றும், அதனால் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை மறுபடி ஒப்பிட்டு மாற்றிக்கொள்ளுங்கள். எல்லா மாநிலத்திலும் 'ஷிப்' என்ற இலவச ஆலோசனை மையம் உண்டு. மகளைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள்.

சேலத்தில் இருக்கும் மாதங்களில் இங்கே வாங்கும் மருந்துக்கு பார்ட் டி பணம் தராது. நிரந்தரமாக இங்கே வந்துவிட்டால் அதில் தொடரவும் முடியாது.

கேள்வி: பாட்டி மலைக்கிராமத்தில் தனியாக இருக்கிறார். பிரஷர் மாத்திரைக்காக மாதாமாதம் சேலம் இறங்கி ஏற வேண்டியிருக்கிறது. காப்பீடு எடுத்தால் இது தீருமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: காப்பீட்டால் தீராது. ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையை கலெக்டர் அலுவலகத்தில் வாங்கி வையுங்கள். ஆஸ்பத்திரிக்கு அது வேண்டும். மாத்திரைக்கு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. பாட்டியின் சீட்டோடு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்தால் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை இலவசமாக வீட்டுக்கே கொண்டுவருவார்கள், பிரஷரும் பார்ப்பார்கள். கொண்டுவரும் மாத்திரையின் மி.கி. பழைய அட்டையில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று முதல் முறை நீங்களே பாருங்கள். பழையதும் புதியதும் சேர்த்துப் போட்டுத் தலைசுற்றி விழுந்துவிடக் கூடாது. பழைய அட்டைகளை அன்றே பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நிற்பதுண்டு. ஐப்பசி பிறக்கும் முன்பே பத்து நாள் மாத்திரை கூடுதலாகக் கையில் இருக்கட்டும்.