18,400 ரூபாய் ரீஃபண்டு எங்கே நிற்கிறது?

கேள்வி: கோத்தகிரிக்கு அருகே ஒரு ஹட்டியில், அதாவது படுகர் சிற்றூரில், வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். வயது 67. 2024-25 நிதியாண்டில் ஓய்வூதியம் 4,32,000 ரூபாய், வைப்புத்தொகை வட்டி 1,84,000 ரூபாய். வரி பிடிக்க வேண்டாம் என்று உறுதி கூறும் 15எச் படிவம் கொடுக்க மறந்ததால் வங்கி வட்டியிலிருந்தே 18,400 ரூபாய் வரியை, அதாவது டிடிஎஸ், பிடித்துவிட்டது. 2025 ஜூலை 22 அன்று பஜாரில் ஒரு கணினி மையத்தில், புதிய வரிமுறைப்படி, 'சகஜ்' படிவத்தில் ரிட்டர்ன் தாக்கல் செய்தேன். டிசம்பர் பிறந்தும் பணம் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு இரண்டே வாரத்தில் வந்துவிட்டது. மையத்தில் மறுபடியும் தாக்கல் செய்யச் சொல்கிறார்கள். கோவைக்குப் போய் வருமான வரி அலுவலகத்தில் கேட்கட்டுமா? (அரை ஏக்கரில் பச்சைத் தேயிலை விற்று ஆண்டுக்கு 40,000 ரூபாய் மிஞ்சும். விவசாய வருமானம் என்பதால் அதைக் காட்டவில்லை.)

பதில்: அடைப்புக்குறிக்குள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வாக்கியம்தான் முதலில் என் கண்ணை உறுத்தியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

கோவைப் பயணம் வேண்டாம். ரிட்டர்ன்களைச் சரிபார்த்து ரீஃபண்டு அனுப்புவது பெங்களூருவில் உள்ள மையச் செயலாக்க மையம். இந்தக் குளிரில் மலையிறங்கிப் போனாலும் "இணையதளத்தில் பாருங்கள்" என்பதுதான் பதிலாக இருக்கும். ஆகவே வருமான வரித்துறை இணையதளத்தில் உங்கள் பான் எண்ணால் நீங்களே உள்ளே போய், தாக்கல் செய்த ரிட்டர்ன்களின் பட்டியலில் 2025-26 மதிப்பீட்டு ஆண்டைத் (2024-25 வருமானத்துக்கு உரியது அதுதான்) திறந்து பாருங்கள். ரிட்டர்ன் எந்தப் படியில் நிற்கிறது என்று அங்கே எழுதியிருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது, ரிட்டர்ன் இ-வெரிஃபை ஆகியிருக்கிறதா என்பது. தாக்கல் செய்த 30 நாட்களுக்குள் ஆதார் ஓடிபி மூலமோ நெட் பேங்கிங் மூலமோ உறுதி செய்திருக்க வேண்டும். அல்லது கையெழுத்திட்ட ஐடிஆர்-வி என்ற ஒப்புகைத் தாள் பெங்களூரு 560500 என்ற முகவரிக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். நம் மலையில் இது நிறையவே தவறுகிறது. மழை நாளில் செல்பேசிக்குச் சிக்னல் இருக்காது. ஓடிபி வருவதற்குள் அதன் ஆயுள் முடிந்துவிடும். "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று மையத்துக்காரர் சொல்லியிருப்பார். அந்த நாளை வந்திருக்காது. உறுதி செய்யாத ரிட்டர்ன், தாக்கலே செய்யாத ரிட்டர்னுக்குச் சமம்.

அப்படித்தான் ஆகியிருக்கிறது என்றால் இனி நாட்கணக்கு முக்கியம். தாமத ரிட்டர்ன் தாக்கல் செய்ய 2025 டிசம்பர் 31 கடைசி நாள். அதற்குப் பிறகு தாக்கல் செய்யும் 'புதுப்பித்த ரிட்டர்ன்' வசதியில் ரீஃபண்டு கேட்க முடியாது. உறுதி செய்வதில் ஏற்பட்ட தாமதத்தை மன்னிக்கக் கோரி இணையதளத்திலேயே விண்ணப்பிக்க வழி உண்டு. ஆனால் அது ஏற்கப்படும் என்று நம்பிக் காத்திருந்து, ஜனவரியில் மறுத்துவிட்டால் 18,400 ரூபாயும் சிக்கிக்கொள்ளும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் பழைய ரிட்டர்னை நீக்கிவிட்டு, 5,000 ரூபாய் தாமதக் கட்டணம் போனால் போகட்டும் என்று இந்த மாதமே புதிதாகத் தாக்கல் செய்து, அன்றே இ-வெரிஃபையும் செய்துவிடுவேன். மிச்சம் 13,400 ரூபாயாவது கைக்கு வரும்.

இ-வெரிஃபை ஆகியிருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. இனி தேயிலைக்கு வருவோம். பறித்த பச்சைத் தேயிலையை அப்படியே தொழிற்சாலைக்குக் கொடுக்கும் சிறு விவசாயிக்கு அந்த வருமானம் முழுக்க விவசாய வருமானம். வரி கிடையாது, நீங்கள் நினைத்தது சரி. (சொந்தத் தோட்டத்துத் தேயிலையைத் தானே தூளாக்கி விற்பவருக்குத்தான் நூற்றுக்கு 60 பங்கு விவசாயம், 40 பங்கு வியாபாரம் என்ற கணக்கு.) ஆனால் வரி இல்லை என்பதற்காகக் காட்டவே வேண்டாம் என்றாகாது. விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் சகஜ் எனப்படும் ஐடிஆர்-1 உங்களுக்கு உரிய படிவமே அல்ல, ஐடிஆர்-2 தான். இலை விற்கும் ஓய்வூதியர்கள் எத்தனையோ பேர் தவறான படிவத்தோடு வந்து என் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதனால் உங்களுக்குப் பண நட்டம் இல்லை. ஓய்வூதியமும் வட்டியும் சேர்ந்து 6,16,000. நிலையான கழிவு 75,000 போக 5,41,000. விவசாய வருமானத்தைச் சேர்த்து விகிதம் பார்த்தாலும் வரி 12,050 ரூபாய்தான். அந்த ஆண்டுக்கு 7 லட்சம் வரை உள்ள வரித் தள்ளுபடியில் அது முழுவதும் கழிந்துவிடும். 18,400 ரூபாயும் உங்களுக்கே. எனவே திருத்திய ரிட்டர்னை ஐடிஆர்-2 படிவத்தில் டிசம்பர் 31-க்குள் தாக்கல் செய்யுங்கள். பணம் தாமதமாகிறது என்பதற்காக மட்டும் மறுபடி தாக்கல் செய்வது வீண். வரிசையில் பின்னால் போய் நிற்பதுதான் மிச்சம். மையத்துக்காரர் சொன்ன யோசனை சரி, சொன்ன காரணம்தான் தவறு.

அடுத்து வங்கிக் கணக்கு. ரீஃபண்டு போகும் கணக்கு இணையதளத்தில் முன்கூட்டியே சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். தமிழர்களாகிய நம்மை இங்கே மாட்டிவிடுவது தலைப்பெழுத்து. பான் அட்டையில் தலைப்பெழுத்தை விரித்து அப்பா பெயரை முழுதாக எழுதச் சொல்வார்கள், வங்கியில் 'பி. ராமன்' என்று இருக்கும், பானில் 'ராமன் பெள்ளி' என்று இருக்கும். கணினிக்கு இருவரும் வேறு வேறு ஆட்கள். பாஸ்புக்கில் பெயரைப் பானுக்கு ஒத்தபடி மாற்றிக்கொள்வதே எளிது. பழைய ஐஎஃப்எஸ்சி எண்ணும் இப்படித்தான் காலை வாரும். சிண்டிகேட் வங்கி 2020-ல் கனரா வங்கியோடு இணைந்ததுபோல உங்கள் கிளையும் கைமாறியிருந்தால் புது எண்ணைப் போடுங்கள். 'ரீஃபண்டு ஃபெயில்டு' என்று காட்டினால், கணக்கைச் சரிசெய்துவிட்டு மறுபடி அனுப்பக் கோரும் விண்ணப்பத்தை அங்கேயே கொடுக்கலாம்.

பான் எண்ணோடு ஆதார் இணைந்திருக்கிறதா, வங்கி பிடித்த தொகை, உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் அப்படியே ஏறியிருக்கிறதா, பழைய ஆண்டு வரிப் பாக்கி என்று ஏதேனும் நிற்கிறதா என்பதையும் ஒரு கண் பார்த்துவிடுங்கள். ரீஃபண்டை அந்தப் பாக்கிக்கு ஈடு செய்வதாக நோட்டீஸ் வந்தால் 21 நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அந்த நோட்டீஸ் யாருக்கு வரும்? இணையதளத்தில் உங்கள் பெயருக்கு எதிரே இருக்கும் செல்பேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். அவசரத்தில் தங்கள் எண்ணையே போட்டுவிடும் மையங்கள் உண்டு. துறை உங்களிடம் கேட்ட கேள்வி பஜாரில் யாருடைய செல்பேசியிலோ தூங்கிக்கொண்டிருக்கும். மாறாக, "ரீஃபண்டு தயார், இதை அழுத்துங்கள்" என்று உங்களுக்கே குறுஞ்செய்தி வந்தால் அழுத்தாதீர்கள். கார்டு எண்ணையோ ஓடிபியையோ கேட்டு யாரும் ரீஃபண்டு தருவதில்லை.

எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால், நீங்கள் தாக்கல் செய்த ரிட்டர்னைச் செயலாக்கச் சட்டம் 2026 டிசம்பர் 31 வரை அவகாசம் தருகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்த வேகம் உங்களுக்கும் வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அதற்காகச் சும்மா இருக்கவும் வேண்டாம். இணையதளத்தின் குறைதீர்ப்புப் பகுதியில் புகார் பதியுங்கள், 1800 103 0025 என்ற கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள். காத்திருக்கும் காலத்துக்கு வட்டி உண்டு. கெடுவுக்குள் தாக்கல் செய்தவருக்கு ஏப்ரல் 1 முதல் மாதம் அரை சதவீதம். உங்கள் தொகைக்கு மாதம் 92 ரூபாய், டிசம்பர் வரை 828 ரூபாய். அந்த வட்டியை அடுத்த ரிட்டர்னில் வருமானமாகக் காட்டுங்கள். வரும் ஏப்ரலில் ஓய்வூதியம் வாங்க வங்கிக்குப் போகும் முதல் நாளே, வைப்புத்தொகை இருக்கும் ஒவ்வொரு வங்கியிலும் வரி பிடிக்க வேண்டாம் என்ற உறுதிமொழிப் படிவத்தைக் கொடுத்து, ஒப்புகையில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.