துணிக்கடையில் மாட்டும் பாதுகாப்பு டேக் நிஜமாகவே திருட்டைத் தடுக்குமா? சின்ன ரெடிமேட் கடைக்கு அது தேவையா?

கேட்டவர் கடை விவரத்தையும் எழுதியிருக்கிறார். இரண்டு தளம், ரெடிமேட் மட்டும். தீபாவளி முடிந்து ஸ்டாக் எடுத்தால் உருப்படி குறைகிறது. டேக் மாட்டிய துணி கடந்தால் அலாரம் அடிக்கும் வாசல் கேட்டை விற்கும் கம்பெனிக்காரர் வந்து விலை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வாங்கலாமா வேண்டாமா என்று குழப்பம்.

நான் திருச்சி என்.எஸ்.பி. ரோட்டுப் பக்கம் ஒரு ரெடிமேட் கடையில் ஃப்ளோர் பார்க்கிறேன். டேக் மாட்ட வைப்பது, கழற்றாமல் விட்டவர்களிடம் சத்தம் போடுவது, வாசலில் அலாரம் அடித்தால் ஓடுவது எல்லாம் என் வேலைதான். டேக் பலன் தரும், சந்தேகமில்லை. ஆனால் கேட்டை நட்டுவிட்டால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும் என்று நினைத்து வாங்கினால் காசு தண்டம். பில் போடும் மேஜையையும் வாசலில் நிற்கிற ஆளையும் ஒழுங்குபடுத்த முடியும் என்றால் வாங்குங்கள். அது முடியாது என்றால் அந்தப் பணத்தில் இன்னொரு சேல்ஸ் பெண்ணுக்குச் சம்பளம் கொடுங்கள், அதுவே நல்ல பாதுகாப்பு.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், நம் ஊர் பழைய ஜவுளிக்கடைகளில் டேக்கும் கிடையாது, கேட்டும் கிடையாது. சேல்ஸ்மேன் பாயில் உட்கார்ந்து புடவையை எடுத்துப் போடுவார். பிடித்ததை அவரே ஓரமாக வைத்து பில் எழுதுவார். துணி அங்கிருந்து நேராக டெலிவரிக்குப் போய்விடும், நம் கையில் சீட்டு மட்டும்தான். கேஷில் பணம் கட்டி முத்திரை வாங்கிக்கொண்டு போனால் டெலிவரியில் பையைக் கொடுப்பார்கள். வாசலில் வாட்ச்மேன் பில்லில் ஓர் ஓட்டை போட்டு அனுப்புவார். பணம் கட்டும்வரை துணி ஒரு நிமிடம்கூட வாடிக்கையாளரோடு தனியாக இருக்காது. பட்டுப் பிரிவில் இன்றைக்கும் பெரும்பாலும் இதே முறைதான். பட்டில் ஆணி குத்தினால் ஓட்டை விழும் என்பதால் அங்கே ஆணி குத்தி மாட்டும் ஹார்டு டேக்குக்கு வேலையும் இல்லை.

ரெடிமேடில் இந்தக் கட்டுக்காவல் தானாகக் கழன்றது. ஹேங்கரில் தொங்கவிட்டு, நீங்களே எடுத்துப் பாருங்கள், போட்டுப் பாருங்கள் என்று சொல்லிவிட்டோம். அமெரிக்க மளிகைக் கடைகள் இந்த இடத்துக்கு நமக்கு ரொம்ப முன்னாலேயே வந்துவிட்டன. 1916-இல் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் பிக்லி விக்லி என்று ஒரு கடையைத் திறந்து, வாடிக்கையாளரே கூடையோடு உள்ளே போய்ச் சாமானை எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டார். ஆள் செலவு குறைந்தது, சாமானைப் பார்க்கிற கண்ணும் குறைந்தது. டேக் வந்தது அதற்கெல்லாம் வெகு காலம் கழித்து, 1960-களின் நடுவில். ஒஹையோவின் ஆக்ரன் ஊரில் சூப்பர் மார்க்கெட் மேனேஜராக இருந்த ரான் அசாஃப், ஒயின் பாட்டிலோடு ஓடிய ஒருவனைத் துரத்தியும் பிடிக்க முடியாமல் திரும்பினார். அந்தக் கடுப்பில் பிறந்த யோசனைதான் பின்னால் சென்சர்மேட்டிக் என்ற கம்பெனி ஆனது. மேனேஜர் வேலை பார்த்தவர் யாருக்கும் அந்தக் கடுப்பு புரியும்.

சரி, டேக் எப்படி வேலை செய்கிறது? தெரிந்துகொள்ளாமல் வாங்கினால் விற்கிறவர் சொல்வதுதான் வேதம்.

சட்டை, ஜீன்ஸில் தொங்கும் கெட்டியான பிளாஸ்டிக்தான் ஹார்டு டேக். துணியின் ஒரு பக்கம் ஆணி, மறுபக்கம் டேக். டேக்குக்குள்ளே கூம்பு மாதிரி ஒரு குழி, அதில் மூன்று பொடி எஃகு உருண்டைகள். ஒரு ஸ்பிரிங் அவற்றைக் குழியின் குறுகிய பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆணியை வெளியே இழுத்தால் உருண்டைகள் இன்னும் குறுகலான இடத்துக்குப் போய் அதிகமாகக் கவ்வும். பில் மேஜையில் இருக்கும் டிடாச்சர் என்பது வெறும் வலுவான காந்தம். அது உருண்டைகளை அகலமான பக்கம் இழுத்ததும் ஆணி வெண்ணெயில் இருந்து வருவதுபோல வந்துவிடும்.

அலாரம் அடிக்க வைப்பது வேறு பாகம். இங்கே இரண்டு முறைகள் அதிகம் புழங்குகின்றன. ஒன்று ஆர்.எஃப்., அதாவது ரேடியோ அலை முறை. இதில் டேக்குக்குள் ஒரு கம்பிச் சுருளும் ஒரு கெபாசிட்டரும் இருக்கும். இரண்டும் சேர்ந்து 8.2 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு ஒத்திசையும். கேட் அந்த அலைவரிசையைச் சுற்றிலும் தடவிக்கொண்டே இருக்கும், நடுவில் ஒத்திசைகிற ஒன்று வந்தால் கண்டுபிடித்துவிடும். இன்னொன்று ஏ.எம்., அதாவது காந்தத்தால் பட்டையை அதிர வைக்கும் முறை. இதற்கு ஒட்டும் வெள்ளை ஸ்டிக்கரைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இரண்டு வகை உலோகப் பட்டை இருக்கும். ஒன்று ஒட்டாமல் தளர்வாகக் கிடக்கும், மற்றது லேசாகக் காந்தம் ஏற்றியது. கேட் 58 கிலோஹெர்ட்ஸில் விட்டு விட்டு அலை அனுப்பும். அலை நின்ற பிறகும் தளர்ந்த பட்டை கொஞ்ச நேரம் அதிர்ந்துகொண்டிருக்கும். கேட் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பது அந்த அதிர்வைத்தான். பில் போடும்போது பட்டையின் காந்தத்தை எடுத்துவிட்டால் அதிர்வு 58-ஐ விட்டு விலகிவிடும், கேட் கண்டுகொள்ளாது.

ஆர்.எஃப். கேட்டுக்கு ஏ.எம். டேக் தெரியாது, ஏ.எம். கேட்டுக்கு ஆர்.எஃப். டேக் தெரியாது. யாரோ கடையை மூடுகிறார்கள், டேக் மூட்டையாக மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிப் போட்டால் வெறும் பிளாஸ்டிக்தான் மிஞ்சும். அலைவரிசை என்ன என்று கேட்டு வாங்குங்கள். அகலமான வாசலுக்கு ஏ.எம். பொதுவாக நன்றாக இருக்கும். உலோகமும் திரவமும் ஆர்.எஃப்.-ஐ அதிகம் குழப்பும், அதனால் வாசலிலேயே இரும்பு ஷட்டர் இருந்தால் கேட்டை எங்கே நடுவது என்று யோசிக்க வேண்டும். ஏ.எம்.-க்கு எதிரி வேறு: மலிவான எல்.இ.டி. விளக்கு, பவர் சப்ளை, இவற்றின் மின் இரைச்சல். தீபாவளிக்கு வாசல் முழுக்க சீரியல் செட் சுற்றிவிட்டு, கேட் ஏன் காரணமில்லாமல் கத்துகிறது என்று சர்வீஸ் ஆளைக் கூப்பிடுகிற கடைகள் இருக்கின்றன.

விளையாட்டுச் சாமான் விற்கும் டெக்கத்லான் போன்ற கடைகளில் இருப்பது இதெல்லாம் இல்லை, ஆர்.எஃப்.ஐ.டி. என்ற சிப் முறை. விலைச் சீட்டுக்குள்ளேயே சிப் இருக்கும், எந்தப் பொருள், எந்த அளவு என்பதுவரை சொல்லும். ஸ்டாக் எடுக்கவும் உதவும். ஆனால் ஒவ்வொரு உருப்படிக்கும் சிப் சீட்டு போட வேண்டும், மென்பொருளும் வேண்டும். உங்கள் கடைக்கு இப்போதைக்கு அதை மறந்துவிடுங்கள்.

இனி, எங்கே எல்லாம் கெட்டுப்போகிறது என்பதைச் சொல்கிறேன். பெரும்பாலும் பில் மேஜையில்தான். கூட்ட நேரத்தில் பில் போடுகிற பையன் ஐந்து உருப்படியில் நாலுக்கு டேக் எடுத்துவிட்டு ஒன்றை விட்டுவிடுவான். பணம் கட்டியவர் வாசலில் போகும்போது அலாரம். செக்யூரிட்டி பையைப் பார்க்கிறார், பில்லைப் பார்க்கிறார், போங்கள் என்கிறார். இது அடிக்கடி நடந்தால் செக்யூரிட்டிக்குக் காது மரத்துவிடும். சனிக்கிழமை சாயங்காலம் எந்தக் கடை வாசலிலும் நின்று பாருங்கள். அலாரம் அடிக்கும், செக்யூரிட்டி திரும்பாமலே கையை ஆட்டி அனுப்புவார். எடுத்துக்கொண்டு போக வந்தவன் அதைத்தான் முதலில் நோட்டம் பார்க்கிறான்.

இதற்கு மருந்து, டேக் மாட்டும் இடத்தை ஒரே இடமாக வைப்பது. எங்கள் கடையில் சட்டைக்கு இடது பக்கத் தையல், கீழ் விளிம்புக்குக் கொஞ்சம் மேலே. ஜீன்ஸுக்கு இடுப்புப் பட்டையை ஒட்டிய தையல். தையலில் குத்தினால் துணியில் ஓட்டை தெரியாது, கழற்றுகிறவர் கையும் தேடாமல் போகும். கைக்குழந்தை உடுப்புக்கு நாங்கள் ஆணி போடுவதே இல்லை, ஸ்டிக்கர்தான். ஓர் ஆணி தவறி உள்ளே இருந்துவிட்டால் அப்புறம் என்ன சொல்லி சமாளிப்பது? கழற்றிய ஆணிக்கு மேஜைக்கு அடியில் ஒரு டப்பா வையுங்கள். வெறுங்காலில் நிற்கிற பிள்ளைகள் வேலை பார்க்கிற கடைகளில் இது சின்ன விஷயம் இல்லை.

டிடாச்சரை மேஜையில் திருகு போட்டு இறுக்குங்கள். ராத்திரி கடை மூடும்போது இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: பில் போடாமலே டேக்கைக் கழற்றித் தெரிந்தவருக்குக் கொடுத்தனுப்பும் ஆளை எந்தக் கேட்டும் பிடிக்காது. உருப்படி குறைகிறது என்றால் வாடிக்கையாளர்தான் எடுத்தார் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். சரக்கு இறங்கும்போது எண்ணாமல் வாங்கினால்கூடக் கணக்கு உதைக்கும்.

அடுத்தது அலாரம் அடித்தால் என்ன செய்வது. எங்கள் வாசலில் நிற்பவருக்கு நான் சொல்லிக்கொடுத்திருப்பது ஒரே வரி. "அக்கா, பில்லிங்ல டேக் எடுக்காம விட்டுட்டாங்க போல, ஒரு நிமிஷம் கொடுங்க, எடுத்துத் தர்றேன்." ஆண்களுக்கு அண்ணன், வயதானவர்களுக்கு ஐயா, அம்மா. தவறு நம்முடையது என்ற மாதிரிதான் பேச்சு இருக்க வேண்டும். பத்தில் ஒன்பது தடவை தவறு நம்முடையதாகத்தான் இருக்கும், இல்லாவிட்டால் வேறு கடையில் வாங்கியதில் செயலிழக்காத ஸ்டிக்கர் இருக்கும். நிஜமாகவே எடுத்தவராக இருந்தாலும், "ஐயோ, பில் போட மறந்துட்டேன்" என்று பணம் கட்டிவிட்டோ வைத்துவிட்டோ போவார். கடைக்கு வேண்டியது சரக்குதானே.

கையைப் பிடித்து இழுப்பது, ஸ்டோர் ரூமில் பூட்டி வைப்பது, உடம்பைத் தடவிப் பார்ப்பது எதுவும் வேண்டாம். அடைத்து வைத்ததற்காக வழக்கு நம் மேலேயே திரும்பும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 303-ஆவது பிரிவைப் பாருங்கள். 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல் தடவை திருடித் தண்டனை பெறுகிறவர், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், அவருக்குச் சமூக சேவைதான் தண்டனை. சட்டமே அவ்வளவு நிதானமாக இருக்கும்போது ஒரு டீ-ஷர்ட்டுக்காக நாம் குதிக்க வேண்டியதில்லை. கேமராவில் பிடித்த முகத்தை அச்செடுத்து கேஷ் பக்கம் ஒட்டுகிறார்களே, அதுவும் எனக்குப் பிடிக்காது. ஆள் மாறியிருந்தால் அந்த அவமானத்தை யார் துடைப்பது?

கேட்டை ஒட்டிப் பெரியவர்கள் உட்கார நாற்காலி போடுகிற வழக்கம் நம் கடைகளில் உண்டு. அதைத் தள்ளிப் போடுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் கேட்டைச் சாதாரணமாக நடந்து கடக்கலாம், ஆனால் பக்கத்திலேயே நிற்பதோ சாய்ந்திருப்பதோ கூடாது.

இப்போது உங்கள் கடைக்கு. முதலில் எது குறைகிறது என்று பாருங்கள். எல்லாவற்றையும் அல்ல, ஜீன்ஸ், பிராண்டட் டீ-ஷர்ட், லெக்கிங்ஸ், உள்ளாடை இந்த நாலை மட்டும் வாரா வாரம் எண்ணுங்கள். டிரையல் ரூமுக்கு எத்தனை உருப்படி போகிறதோ அத்தனை எண் போட்ட டோக்கன் கொடுங்கள். இதற்குச் செலவே இல்லை, பல கடைகளில் பாதிப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும். அதற்கு மேலும் குறைந்தால், விலை கூடிய சரக்குக்கு மட்டும் ஹார்டு டேக் வாங்குங்கள். அது திரும்பத் திரும்பப் பயன்படும். ஸ்டிக்கர் ஒரு தடவையோடு சரி, அதனால் நூறு ரூபாய் பனியனுக்கெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தால் கட்டுப்படியாகாது.

கேட் வாங்கும் முன் உங்கள் வாசலிலேயே டெமோ கேளுங்கள். ஷட்டர் இருக்கும் இடத்தில், சாயங்காலம் எல்லா விளக்கும் எரியும்போது. டேக்கை நெஞ்சு உயரத்தில் பிடித்து நடந்து பாருங்கள், அப்புறம் முழங்கால் உயரத்தில், அப்புறம் பைக்குள் படுக்கைவாட்டில் போட்டு. சில கோணங்களில் கேட் வாயைத் திறக்காது. எத்தனை தடவை திறக்கவில்லை என்று குறித்துக்கொண்டு, அதற்கு அப்புறம் விலை பேசுங்கள்.