சீவாளி கட்டும் வீட்டிலிருந்து சில பதில்கள்

எங்கள் ஊர் திருவாவடுதுறை. நாகஸ்வரத்துக்குச் சீவாளி செய்வது குடும்பத் தொழில். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்தேதான் செய்கிறோம். இளம் கலைஞர்களும் ரசிகர்களும் கேட்டு வைத்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நூல் கட்டுவது பற்றிய இடங்களில் அவரைக் கேட்டுக்கொண்டு எழுதியிருக்கிறேன்.

கல்யாண வீடுகளில் நாயனம் கேட்டதோடு சரி. சீவாளி என்றால் என்ன அம்மா?

நாயனக்காரர் உதட்டில் வைத்து ஊதும் சின்னத் துண்டுதான் சீவாளி. ஒரு முனை உருண்டையாக இருந்து கெண்டை என்ற உலோகக் குழாயில் ஏறும். மறு முனை தட்டையாக அகன்று உதட்டுக்குள் உட்காரும். காற்று பட்டு அது அதிர்ந்தால்தான் சத்தமே பிறக்கும். வாத்தியத்தின் மரப்பகுதியான உலவைப் பக்கத்து ஊரான நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைகிறார்கள். அந்த நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எத்தனை நல்ல உலவாக இருந்தாலும் சீவாளி சரியில்லை என்றால் அன்றைய கச்சேரி போயிற்று.

இருவரில் யாருக்கு எந்த வேலை?

ஆற்றங்கரையில் விளையும் கொறுக்கை என்ற நாணலில்தான் சீவாளி செய்கிறோம். கரைக்குப் போய் முற்றியதாகப் பார்த்துக் கொண்டுவருவது அவர் வேலை. கட்டு வீட்டுக்குள் வந்துவிட்டால் அப்புறம் என் பொறுப்பு. பரணில் போட்டு மாதக்கணக்கில் காயவிடுவேன். இளசாக வெட்டியது காயும்போது சுருங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். அதையெல்லாம் இரக்கம் பார்க்காமல் கழித்துவிட வேண்டும். மிச்சத்தைக் கணுவுக்குக் கணு நறுக்கி, வாத்தியத்தின் கட்டைக்கு, அதாவது சுருதிக்குத் தகுந்த மாதிரி பருமன் பார்த்துத் தனித்தனியாகப் பிரித்து வைப்பேன்.

பிறகு அவிப்பது. நெல்லோடு சேர்த்துத்தான் அவிப்போம். நெல் வாய் திறக்கும் நேரத்தில் அடுப்பை விட்டு நகரக் கூடாது. முன்னால் இறக்கினால் நாணல் விறைத்து நிற்கும், அமுக்கும்போது கீறிவிடும். கொஞ்சம் தாண்டிவிட்டாலோ துவண்டுபோய், ஊதினால் காற்றுதான் வரும். அந்தப் பதத்தை என் மாமியார் சொல்லித் தரவில்லை. பக்கத்தில் நின்று, ஆவியின் வாசனையை வைத்துப் பிடித்துக்கொண்டேன். நிழலில் உலர்த்தி எடுத்துக் கொடுத்தால், நூல் சுற்றுவதும் முனையை அமுக்கித் தட்டையாக்குவதும் ஓரம் சீவுவதும் அவர் கை. கடைசியில் வாத்தியத்தில் மாட்டாமலே, சீவாளியை மட்டும் வாயில் வைத்துக் கத்தவிட்டுப் பார்ப்போம். ஊதுவது அவர், தள்ளியிருந்து கேட்டுச் சொல்வது நான். ஊதுகிற ஆளுக்குத் தெரியாத கரகரப்பு நாலு அடி தள்ளி இருப்பவருக்குத் தெரியும்.

வாங்க வருபவர்கள் அவர் பெயரைச் சொல்லி, 'அவர் கட்டின சீவாளி' என்பார்கள். எங்கள் வீட்டில் மட்டுமில்லை, இந்தத் தொழில் நடக்கும் வீடுகளில் அவிக்கிற, உலர்த்துகிற, தரம் பிரிக்கிற வேலையில் பெண்கள் இருக்கிறார்கள். யாரும் கேட்டதில்லை, அதனால் நாங்களும் சொன்னதில்லை. நீங்கள் கேட்டதற்காக எழுதி வைக்கிறேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகிறது அக்கா. நாள் முழுக்க ஒரே இடத்தில் வேலை செய்தால் சண்டை வராதா?

வராமல் என்ன? அவர் கட்டி முடித்ததை நான் கேட்டுவிட்டு ஒதுக்கி வைத்தால் மத்தியானச் சாப்பாடு வரை பேச்சு இருக்காது. ஆனால் ஒதுக்கியதைத் திரும்ப எடுத்துக் கலந்துவிட மாட்டார். சாயங்காலம் அவரே வெயில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கீறல் எங்கே என்று கண்டுபிடித்துக் காட்டுவார். என் காதை அவர் நம்புகிறார், அவர் கையை நான் நம்புகிறேன். அது இருப்பதால் மற்றச் சண்டையெல்லாம் சீக்கிரம் ஆறிவிடுகிறது.

கடன் விஷயத்தில்தான் எங்களுக்கு ஒத்துப்போகாது. நாயனக்காரர் 'திருவிழா முடிந்து தருகிறேன்' என்றால் என் வீட்டுக்காரர் சரி என்றுவிடுவார். பிறகு கேட்கவும் மாட்டார். இப்போது கணக்கு நோட்டு என்னிடம் இருக்கிறது. நான் கேட்டு வாங்கிவிடுகிறேன், மரியாதையாகத்தான்.

இதில் குடும்பம் நடத்த முடிகிறதா?

முகூர்த்த மாதங்களில் முடிகிறது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, அந்த மாதங்களுக்கு முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும். 2020-இல் ஊரடங்கு வந்து கோயில் திருவிழாவும் கல்யாணமும் சேர்ந்து நின்றபோது நாயனக்காரர்களுக்கே வருமானம் இல்லை, எங்களிடம் யார் வாங்குவார்கள்? கட்டி வைத்தவை டப்பாவிலேயே கிடந்தன.

எல்லாருக்கும் ஒரே சீவாளி பொருந்துமா? ராஜரத்தினம் பிள்ளை உங்கள் ஊர்தானே?

ஆமாம், ராஜரத்தினம் பிள்ளை எங்கள் ஆதீனத்து நாகஸ்வர வித்வான். 1956-இல் காலமானார். அவர் ஊதிய தோடி ராகத்தைப் பற்றி இன்றைக்கும் இங்கே பேசுவார்கள். பழைய நாயனம் திமிரி, நீளம் குறைவு, சுருதி மேலே இருக்கும். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரி அவருக்காகச் செய்துகொடுத்தது பாரி நாயனம். நீளம் கூடியது, சுருதி இறங்கியது. இப்போது கச்சேரி மேடைகளில் பெரும்பாலும் பாரிதான்.

திமிரிக்குக் கட்டியதைப் பாரியில் மாட்டினால் சரிப்பட்டு வராது. ஒரே கட்டை ஊதும் இரண்டு பேருக்குக்கூட ஒரே சீவாளி ஒத்துவராது. ஒருவர் உதட்டை இறுக்கிப் பிடிப்பார், இன்னொருவர் தளர்த்தி ஊதுவார். யாருக்கு எந்தப் பருமன், எவ்வளவு மெல்லிசு என்பதை ஒவ்வொருவர் பெயருக்கும் நேராக எழுதி வைத்திருக்கிறேன். வயதாகி ஒருவருக்கு மூச்சு குறைந்தால் முதலில் எங்களுக்குத்தான் தெரியும், 'கொஞ்சம் மெல்லிசா இருக்கட்டும்' என்று கேட்டு வாங்குவார். அதைக் கேட்டுவிட்டு வந்து என் வீட்டுக்காரர் இரண்டு நாள் வருத்தமாகவே இருப்பார்.

பிளாஸ்டிக் சீவாளி பற்றி?

உழைக்கும், ஈரத்துக்குப் பயமில்லை. பழகுகிற பிள்ளைகள் வைத்துக்கொள்ளட்டும். ராக ஆலாபனைக்கு நாணல்தான். சுரத்தை அசைத்து ஊதும் கமகத்தில் வித்தியாசம் கேட்கும்.

நாலு கச்சேரியிலேயே என் சீவாளி பிளந்துவிடுகிறது.

உலர்ந்ததை அப்படியே மாட்டி ஊதுகிறீர்கள் என்று நினைக்கிறேன் தம்பி. வாயில் வைத்து எச்சிலில் நன்றாக ஊறவிட்டு, பதமானதும் ஆரம்பியுங்கள். முடிந்ததும் துடைத்து, காற்றுப் படும்படி வையுங்கள். பெரியவர்கள் நாயனத்தோடு கொத்தாகச் சீவாளிகளைத் தொங்கவிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மாற்றி மாற்றி ஊதினால் ஒன்றின் மேலேயே பாரம் விழாது.

என் மகள் நாகஸ்வரம் கற்கிறாள். பெண் பிள்ளைக்கென்று தனிச் சீவாளி உண்டா?

அப்படி ஒன்றும் இல்லை. மதுரை பொன்னுத்தாய் ஊதாத கச்சேரியா? காலீஷாபி அம்மாவும் அவர் கணவர் ஷேக் மஹபூப் சுபானியும் ஜோடியாகவே ஊதுகிறார்கள், 2020-இல் இருவருக்கும் சேர்த்துப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். மூச்சு பழகும் வரை மெல்லிசாகக் கட்டித் தரச் சொல்லி வாங்குங்கள், ஆணோ பெண்ணோ ஆரம்பத்தில் அப்படித்தான். கேட்கும்போது மகளின் வயது, வாத்தியம் எத்தனை கட்டை, எத்தனை மாதமாக ஊதுகிறாள் என்ற மூன்றையும் சொல்லுங்கள். முடிந்தால் வாத்தியத்தோடு அவளையே கூட்டிவந்துவிடுங்கள், ஊதச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கட்டித் தருகிறோம்.