ஏரி எங்கே போனது? – வாசகர் கேள்விகள்

கேள்வி: ஐயா, என் மகள் ஸ்லோவேனியாவின் தலைநகர் லூப்லியானாவில் படிக்கிறாள். ஆகஸ்டில் அவளைப் பார்க்கப் போனபோது, நீங்கள் இந்தப் பகுதியில் புகழ்ந்து எழுதியிருந்த செர்க்னிட்சா ஏரிக்கும் போனோம். அங்கே ஏரியே இல்லை! கண்ணுக்கெட்டிய வரை புல்வெளி, அறுத்த புல் காய்ந்துகொண்டிருந்தது. இடம் மாறிப் போய்விட்டோமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறீர்கள், அம்மா. நீங்கள் நின்றது ஏரியின் தரையில்.

அந்தச் சமவெளிக்கு அடியிலும் சுற்றுமலைகளிலும் சுண்ணாம்புப் பாறை நிறைய. மழைநீர் மண்ணிலிருந்து கரியமில வாயுவை ஏற்று லேசான அமிலமாகிறது. அது பாறையைக் கரைத்துக் கரைத்துக் குகைகளாகவும் சந்துகளாகவும் ஆக்கிவிட்டது. சமவெளியின் ஒரு பக்கம் ஊற்றுகள் நீரைக் கொட்டுகின்றன, மறுபக்கம் துளைகள் விழுங்குகின்றன. இலையுதிர்கால மழையிலும் பனி உருகும்போதும் வரத்து அதிகமாகி, துளைகளால் விழுங்கி மாளாது. அப்போது தேங்குவதுதான் ஏரி. பெருமழை என்றால் இரண்டு மூன்று நாளில் 25 சதுர கிலோமீட்டருக்கும் மேல் விரிந்து, நாட்டிலேயே பெரிய ஏரியாகிவிடும். வடிவதற்கோ மூன்று நான்கு வாரம் ஆகும். சில ஆண்டுகளில் கோடையிலும் வற்றாது. ஏரி ஏன் இப்படி வந்து போகிறது என்று ஆராய்ந்து எழுதிய அந்த வட்டாரப் பிரபு வால்வசோர், அதற்காகவே 1687இல் லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

நான் நிலத்தடி நீர்த் துறையில் வேலை பார்த்தவன். வடியும் பருவத்தில் அங்கே ரெஷெதோ என்ற துளைகள் பக்கம் நின்றிருக்கிறேன். கடைசித் தண்ணீர் கற்களுக்கிடையே களகளவென்று இறங்கும் சத்தத்தைக் கேட்டபோது, பாடத்தில் படித்ததெல்லாம் உயிர்பெற்று வந்தது எனக்கு. அப்படி இறங்கிய நீர் ராகோவ் ஷ்கோட்சியான் பள்ளத்தாக்கில் வெளிப்பட்டு, மறுபடி மண்ணுக்குள் போய், பிளானினா சமவெளியில் தலைகாட்டி, திரும்பவும் மறைந்து, வ்ர்ஹ்னிகா அருகே லூப்லியானிட்சா ஆறாக வருகிறது. உங்கள் மகள் நகரப் பாலங்களைக் கடக்கும்போது கீழே ஓடுவதில் அந்த ஏரியின் நீரும் கலந்திருக்கிறது. சொல்லிப் பாருங்கள், மகிழ்வாள்.

நீர் நிறைந்து பார்க்க வேண்டுமென்றால் நவம்பர் அல்லது ஏப்ரல் மாதம் நல்லது. 1,114 மீட்டர் உயர ஸ்லிவ்னிட்சா மலையிலிருந்து முழு ஏரியும் தெரியும். டோலென்யே யெசெரோ ஊரில் ஒரு சிறு அருங்காட்சியகம் உண்டு. ஏரியின் மாதிரியில் நீரை நிரப்பி, வடித்துக் காட்டுவார்கள். குழந்தைகளோடு போனால் முதலில் அங்கே போங்கள்.

கேள்வி: அந்தத் துளைகளை அடைத்துவிட்டால் ஆண்டு முழுவதும் தண்ணீர் நிற்குமே? சுற்றுலாவும் வளருமே?
– ஒரு பொறியியல் மாணவர், கோவை

பதில்: அடைத்தும் பார்த்தார்கள், தம்பி. 1960களின் இறுதியில், ஏரி நீரை விழுங்கும் கார்லோவிட்சா குகைகளின் வாயில்களில் தடுப்புக் கட்டினார்கள். நிரந்தர ஏரி அமையவில்லை. ஒரு வாயை மூடினால் தண்ணீர் வேறு பிளவுகளில் இறங்கிவிடுகிறது.

அந்த முயற்சி வெற்றி பெறாததில் எனக்கு உண்மையிலேயே நிம்மதி. வற்றுவதை அந்த ஏரியின் குறையாக நினைக்கவே கூடாது. வெள்ளம் பரவிய புல்வெளியில் மீன்கள் முட்டையிடுகின்றன. நீர் வடிந்த புல்லில் கார்ன்கிரேக் பறவை கூடு கட்டுகிறது. அங்குள்ள குடியானவர்கள் மீன் பிடித்த இடத்திலேயே பின்னர் புல் அறுக்கிறார்கள். நீரை நிறுத்திவைத்தால் இதில் பாதி போய்விடும். 2006 முதல் இது ராம்சர் ஈரநிலம், அதாவது உலக அளவில் முக்கியமானதாக அறிவிக்கப்பட்ட ஈரநிலம். நீங்கள் பொறியாளராகும்போது, எதைக் கட்டாமல் விட வேண்டும் என்பதையும் கணக்கிட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஏரி வற்றினால் மீன்கள் என்னாகும்?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: சில மீன்கள் வற்றாத மடுக்களுக்குப் போய்விடும், சில நீரோடு பாறைக்குள் போகும். குட்டைகளில் சிக்கியவற்றை உள்ளூர்த் தூண்டில்காரர்கள் வலைபோட்டு அள்ளி, நீர் நிலைத்திருக்கும் இடத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். இரும்புத்தொட்டி மாதிரி கனக்கும் பாத்திரங்களைச் சேற்றில் சுமந்து நடப்பது லேசான வேலையில்லை. அந்த மனிதர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

கேள்வி: காரில் ஏரிக்குள் போகலாமா? குளிர்காலத்தில் பனிச்சறுக்கு உண்டா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: டோலென்யே யெசெரோவிலிருந்து ஓட்டோக் ஊருக்கு ஏரித்தரை வழியாகவே சாலை போகிறது. வறண்டிருந்தால் தாராளமாகப் போகலாம். சாலையில் தண்ணீர் ஏறியிருந்தால், ஆழம் குறைவாகத் தெரிந்தாலும் வண்டியை இறக்காதீர்கள். கடுங்குளிரில் ஏரி உறையும்போது சறுக்குவார்கள். ஆனால் கீழே நீர் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால் உறைபனி எங்கும் ஒரே தடிமனாக இருக்காது. உள்ளூர்க்காரர்கள் இறங்காத இடத்தில் நீங்களும் இறங்க வேண்டாம்.